நாற்பது வயதுக்கு மேல் உங்கள் வார இறுதி எப்படிப் போகிறது? விளையாட்டு, நண்பர்கள், பயணம், குடும்பம் எல்லாவற்றுக்கும் நேரம் கிடைக்கிறதா?

எனக்கு 46 வயது. மனைவி, பதினைந்து வயதில் மகள், பத்து வயதில் மகன், கூடவே 74 வயது அப்பா. தனித்தனியாக நேரம் ஒதுக்கினால் கிடைக்கவே கிடைக்காது என்பதுதான் என் அனுபவம். பல வருடம் ஒதுக்கிப் பார்த்தேன். சனி காலை நண்பர்களுக்கு, ஞாயிறு குடும்பத்துக்கு என்று பிரித்து வைத்தால் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடுகிறது. ஆடப் போனால் வீட்டு நினைப்பு, வீட்டில் இருந்தால் ஆடப் போகாத வருத்தம்.

இப்போது எங்கள் வீட்டில் முடிவான விஷயம் ஒன்றுதான். சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஷட்டில். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் அமைந்தது.

முன்பெல்லாம் வியாழக்கிழமை ஆனால் நண்பர்கள் குழுவில் "இந்த வாரம் யார் யார்?" என்று ஒருவர் கேட்பார். ஒருவர் பதில் சொல்ல மாட்டார், இன்னொருவர் "பார்க்கலாம்" என்பார். வெள்ளி இரவுக்குள் ஆட்டம் ரத்தாகிவிடும். ஒருநாள் உட்கார்ந்து பேசி அந்தக் கேள்வியையே நிறுத்தினோம். கோர்ட்டை மூன்று மாதத்துக்கு மொத்தமாகப் பதிவு செய்துவிடுவோம். வரவில்லை என்றால் சொன்னால் போதும், வருகிறேன் என்று சொல்லத் தேவையில்லை. நான்கு பேர் வந்தால் டபுள்ஸ், இரண்டு பேர்தான் என்றால் சிங்கிள்ஸ். இந்தச் சின்ன மாற்றம்தான் எங்கள் குழுவைக் காப்பாற்றியது என்று உறுதியாகச் சொல்வேன்.

பார்க்ரன் என்ற ஓட்டத்தைப் பற்றிப் படித்தபோது இதே யோசனையை அங்கேயும் பார்த்தேன். 2004 அக்டோபர் 2 அன்று லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியது. சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. அதே கிழமை, அதே தூரம். இன்று 20க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. ஓடலாம், நடக்கலாம், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டும் வரலாம். ஒவ்வொரு வாரமும் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை என்பது நடுவயதில் எவ்வளவு பெரிய விடுதலை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்க நாற்காலியைவிட்டு எழுந்திருக்காத வேலை. சனி காலை தாமதமாகிவிட்டது என்று காரிலிருந்து இறங்கியதும் நேராகக் கோர்ட்டுக்குள் போனேன். மூன்றாவது புள்ளியிலோ நான்காவதிலோ எதிர்ப்பக்கத்திலிருந்து நெட்டைத் தாண்டியதும் சட்டென்று கீழே விழுகிற மாதிரி ஒரு டிராப் வந்தது. எடுக்கப் பாய்ந்தேன். கெண்டைக்காலில் யாரோ பந்தால் ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. யார் அடித்தது என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமே இல்லை. அடுத்த அடி வைக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழப் பார்த்தேன். "டேய், எழுந்திருக்காதே, அப்படியே உட்காருடா" என்று என் பார்ட்னர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

கெண்டைக்கால் தசை கொஞ்சம் கிழிந்திருந்தது. நடுவயதுக்காரர்களுக்கு இது அடிக்கடி வருகிறது, பந்தால் அடித்த மாதிரி இருந்தது என்றுதான் பலரும் சொல்வார்கள் என்றார் மருத்துவர். ஆறு வாரம் ஓடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே ஒரு நாற்காலியில் காலை நீட்டி வைத்துக்கொண்டேன். டபுள்ஸுக்கு ஓர் ஆள் குறைந்தது. அதுவரை ஓரமாக நின்று தம்பியோடு தட்டிக்கொண்டிருந்த என் மகள், "அப்பா, நான் இறங்கவா?" என்றாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று. என் மட்டையைக் கொடுத்தேன். அவள் கைக்குப் பிடி கொஞ்சம் தடிமன். முதல் இரண்டு சர்வீஸ் நெட்டிலேயே விழுந்தது. முகம் சிவந்துவிட்டது. என் நண்பன், "கண்ணு, நீ நெட்டுகிட்ட நில்லு, பின்னாடி வர்றதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றான். மூன்றாவது சர்வீஸ் தாண்டியது. அப்புறம் அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை.

என் கால் சரியான பிறகும் அவள் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. குழு பெரிதானது. இன்னொரு நண்பரின் மகனும் வந்தான். பிள்ளைகளோடு பேச நேரம் கிடைக்கவில்லை என்று நான் கவலைப்பட்ட வருடங்கள் உண்டு. எதிரே உட்கார வைத்துப் "பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் வரும். ஆட்டம் முடிந்து, மட்டையை உறையில் போட்டுக்கொண்டே வண்டியை நோக்கி நடக்கும்போது அவளாகவே சொல்கிறாள். பதினைந்து வயதில் ஒரு பிள்ளை தானாகப் பேசுகிறது என்றால் அதைவிடப் பெரிய விஷயம் எனக்கு வேறு எதுவும் இல்லை.

காலுக்காக நான் மாற்றிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். மட்டையைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் மெதுவான ஓட்டமும் வார்ம்-அப்பும். வாரத்தில் இரண்டு நாள் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி, பதினைந்து முறை, மூன்று சுற்று. முப்பது வயதுக்கு மேல் பத்து ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்கிறார்கள். இருபது வயதில் தாங்கிய அதே பாய்ச்சலை இந்தக் கால் எப்படித் தாங்கும்? உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேண்டும் என்கிறது. பல வருடம் கழித்துத் திரும்ப விளையாடத் தொடங்குகிறவர்கள் முதலில் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். ஆடும்போது நெஞ்சில் அழுத்தம் தெரிந்தால் புள்ளியை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்துங்கள்.

வார இறுதியில் மட்டும் ஆடினால் பயன் உண்டா என்று சிலர் கேட்பார்கள். பிரிட்டனில் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்த சுமார் 90,000 பேரின் தரவை வைத்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. வாரத்துக்கான உடற்பயிற்சியில் பாதிக்கு மேல் ஓரிரு நாளிலேயே செய்தவர்களுக்கும், வாரம் முழுக்கப் பரவலாகச் செய்தவர்களுக்குக் குறைந்த அதே அளவுக்கு இதய நோய் அபாயம் குறைந்திருந்தது. வாரநாளில் நேரமே இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

நண்பர்கள் விஷயத்தில் எனக்குப் பிடித்த ஒரு கணக்கு உண்டு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் நெருங்கிய நண்பராக ஆவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழித்திருக்க வேண்டும் என்று வந்தது. நடுவயதில் யாரிடம் இருக்கிறது இருநூறு மணி நேரம்? ஆனால் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் என்று வைத்துப் பாருங்கள். வருடத்துக்கு நூறு, இரண்டே வருடத்தில் இருநூறு. குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் எனக்கு அப்படித்தான் நெருக்கமானார். நாற்பதுக்கு மேல் புது நட்பு வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது தவறு.

அப்பா ஆடுவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலால் புள்ளி எழுதுவார். அவர் ஆடிய காலத்தில் சர்வீஸ் போட்டவர் ஜெயித்தால்தான் புள்ளி, ஆட்டம் பதினைந்துக்கு. 2006இல் இருபத்தொன்று புள்ளி முறை வந்தது. சர்வீஸ் யாருடையதாக இருந்தாலும் ஜெயித்தவருக்குப் புள்ளி. எங்களுக்குப் புள்ளி எழுதத் தொடங்கிய முதல் சில வாரம் "சர்வீஸ் அவனுடையது இல்லையே, எப்படிப் புள்ளி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேரன்தான் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினான். இப்போது சந்தேகம் வந்தால் எல்லாரும் அப்பாவின் நோட்டைத்தான் பார்க்கிறோம்.

என் மனைவி வருவதில்லை. இதை நான் புரிந்துகொள்ள நாளாயிற்று. முதலில் வற்புறுத்தினேன். "எனக்கு ஆட்டம் வேண்டாம். நீங்கள் நாலு பேரும் கிளம்பினால் இந்த வீட்டில் இரண்டு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டீர்கள், அது வேண்டும்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். குடும்பத்தோடு வார இறுதி என்றால் ஐந்து பேரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்தது என் தப்பு. திரும்பி வரும்போது அவள் முகத்தில் இருக்கும் தெளிவே வேறு.

பயணத்துக்கு வருகிறேன். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரே ஓர் இடம், இருட்டுவதற்குள் வீடு. முன்பு ஒரே நாளில் மூன்று நான்கு இடம் என்று பட்டியல் போட்டு எல்லாரையும் ஓட்டி எடுத்திருக்கிறேன். படத்தில் எல்லாரும் சிரிப்போம், வண்டியில் சண்டை போடுவோம். இப்போது இடத்தை ஆளுக்கொரு மாதம் தேர்ந்தெடுக்கிறோம். மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் போக வேண்டும். மகனுக்கு வண்டியில் குமட்டும். உட்காதுக்கு அசைவு தெரிகிறது, கண் மடியில் இருக்கும் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால் வருவது அது. பின்சீட்டின் நடுவில் பெல்ட் போட்டு, முன்னால் சாலை தெரிகிற மாதிரி உட்கார வைத்து, கையில் எதுவும் கொடுக்காமல் பேச்சுக்கொடுத்தபடி போனோம், பெரும்பாலும் நின்றுவிட்டது.

ஞாயிறு மாலைக்கு எதையும் வைத்துக்கொள்வதில்லை. யாராவது கூப்பிட்டாலும் மறுத்துவிடுகிறோம்.

அடுத்த மாதம் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை அப்பாவுடையது. இன்னும் சொல்லவில்லை. மகன் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.