37 வாரத்தில் இடுப்பு வலி: சூட்டு வலியா, பிரசவ வலியா?

தலைப்பிரசவம், 37 வாரம், இடுப்பு விட்டு விட்டு வலிக்கிறது, மருத்துவமனைக்குப் போவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போய்த் திரும்ப நேர்ந்தால் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் உங்களுக்கும் இருக்கும் என்று எண்ணியே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள்.

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் பிறந்து, கேரள மலைப்பகுதியான வண்டிப்பெரியாற்றில் வாழ்க்கைப்பட்டேன். அம்மா இல்லாததால் தலைப்பிரசவமும் புகுந்த வீட்டில்தான். 36ஆவது வாரத்தில் ஒரு மாலை வயிறு இறுகத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் ஒன்று, அரை மணி கழித்து ஒன்று, மீண்டும் ஏழு நிமிடத்தில் ஒன்று என்று ஒழுங்கில்லாமல் முன்வயிற்றில் மட்டும் வந்தது. மருத்துவமனையில் பார்த்தபோது கர்ப்பப்பை வாய் திறந்திருக்கவில்லை. தண்ணீர் குடித்து இடப்பக்கம் சாய்ந்து படுத்ததும் அடங்கிவிட்டது. 1872இல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த பொய் வலி இது, நாம் சூட்டு வலி என்பது. 37 வாரம் முடிவதற்கு முன் வலி கண்டால் உடனே காட்ட வேண்டும் என்பதால் நான் சென்றதில் பிழையில்லை. ஆனால் அங்கிருந்த ஒருவர், இதற்கெல்லாம் ஓடி வருவதா என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார்.

அந்தச் சொல்தான் 39ஆவது வாரத்தில் என்னைக் கட்டிப்போட்டது. மார்கழி இரவு பத்து மணிக்கு வலி நடு இடுப்பில் பிடித்து முன்புறம் சுற்றி வந்தது. அத்தை சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். சூட்டு வலியானால் அடங்கும், பிரசவ வலியானால் கூடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கஷாயத்தை நான் பழிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அது அடங்கவில்லை என்று தெரிந்த பிறகும் கிடந்தது என் தவறு. பன்னிரண்டு நிமிட இடைவெளி எட்டாகி, ஐந்தாயிற்று. நடந்தாலும் படுத்தாலும் குறையவில்லை. வலியின்போது வயிற்றைத் தொட்டால் நெற்றியைத் தொடுவதுபோல் கெட்டியாக இருந்தது. முந்தைய முறை மூக்கு நுனி அளவுக்குத்தான் இறுகியிருந்தது.

தொலைபேசியில் கேட்டபோது செவிலியர் மலையாளத்தில், "வெள்ளம் போயோ?" (தண்ணீர் போனதா?) என்றார். கம்பத்துக்காரிக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது. எனக்கோ துணி நனையும் அளவு கசிவுதான், அதையும் சிறுநீர் என்றே நினைத்திருந்தேன். இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டது பனிக்குட நீரை. விடியட்டும் என்று காத்திருந்து, மூடுபனியிலும் ஐயப்ப பக்தர்களின் வாகன நெரிசலிலும் போய்ச் சேர்ந்தபோது கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்திருந்தது. மகள் நலமாகப் பிறந்தாள். ஆனாலும் அந்தச் சாலையை நினைத்தால் இன்றும் நடுங்குகிறது.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் என்பது தலைப்பிரசவத்துக்குச் சொல்லப்படும் பொதுக் கணக்கு. மலைப்பாதையில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது. நீர் கசிந்தாலோ, இரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலி இல்லாவிட்டாலும் உடனே புறப்படுங்கள். கசிவு சிறுநீரா என்ற ஐயம் இருந்தாலும் போய்க் காட்டுங்கள். இன்றிரவு ஒவ்வொரு வலியும் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் தாளில் குறித்து வையுங்கள். செவிலியர் கேட்கும்போது சொல்ல அது உதவும்.