புது டிஸ்க், பழைய முகம்

கேள்வி: எனக்குப் பிடித்த பழைய படத்தின் 4கே டிஸ்க் வாங்கினேன். என்னிடம் ஏற்கெனவே உள்ள ப்ளூரேவே நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. என் கண்ணில் கோளாறா?

பதில்: கண் நன்றாகத்தான் இருக்கிறது! 4கே டிஸ்க்கில் 3840 x 2160 புள்ளிகள், அதாவது ப்ளூரேவைப்போல நான்கு மடங்கு, ஆனால் அது பாத்திரத்தின் அளவுதானே தவிர உள்ளே ஊற்றியது என்ன என்பது வேறு கதை. பிலிமில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல நுண்துகள்கள் இருக்கும், காட்சியின் நுணுக்கமே அவற்றில்தான் இருக்கிறது. அதை அழுக்கு என்று நினைத்து மென்பொருளால் துடைத்தெடுத்தால் தோலின் துளை, சுருக்கம், துணியின் இழை எல்லாம் சேர்ந்தே போய்விடும், நடிகர் மெழுகுபொம்மை ஆகிவிடுவார். 'பிரிடேட்டர்' படத்துக்கு 2010இல் வந்த ப்ளூரே இதற்காகவே திட்டு வாங்கியது. அதற்கு முன்பு வந்த, துகள் நிறைந்த டிஸ்க்கே மேல் என்றார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு சேர்ந்துகொண்டு, இல்லாத புருவமுடியை எல்லாம் தானாக வரைகிறது (யார் கேட்டார்கள்?).

2000களில் வந்த பல படங்களின் இறுதி வடிவமே 2கேதான் (கிட்டத்தட்ட ப்ளூரே அளவுப் புள்ளிகள்), அதைப் பெரிதாக்கித்தான் 4கே என்று விற்கிறார்கள்.

சரி, டிஸ்க்கைக் குறைசொல்லும் முன் டிவியையும் பாருங்கள். 4கே டிஸ்க்குகளில் பெரும்பாலும் ஹெச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை) இருக்கும், வெளிச்சம் போதாத டிவியில் அந்தப் படம் இருண்டு தெரியும். அப்புறம், பழைய ப்ளூரேவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.