பிற்பகல் 3.36 மணிக்கு எங்கே இருந்தீர்கள்?

கேள்வி: நான் நான்கு ஆண்டுகளாக அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 13ஆம் தேதி மதியம், மடக்கு நாற்காலி ஒன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு, பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஒரு பழைய செங்கல் சுவரடிக்குப் போய்விடுகிறார். சென்ற முறை என்னையும் அழைத்துச் சென்றார். அங்கே கூடியிருந்தவர்கள் 1960ஆம் ஆண்டு நடந்த பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வானொலி வருணனையை முழுதாக உட்கார்ந்து கேட்டார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தை ஏன் இப்படிக் கேட்கிறார்கள்? இடையிடையே பேசிக்கொண்டபோதும் அவர்கள் ஆட்டத்தைவிட, அன்று தாங்கள் எங்கே இருந்தோம் என்பதையே அதிகம் பேசினார்கள். அது ஏன்?
வாசகி, பிட்ஸ்பர்க்

பதில்: நீங்கள் பார்த்தது ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தின் மிச்சம். 1909இல் திறக்கப்பட்டு 1970இல் மூடப்பட்ட அந்த மைதானம், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் சொந்த மைதானமாக இருந்தது. அதை இடித்த பிறகு, எல்லைச் சுவரின் ஒரு பகுதியும் கொடிக்கம்பமும் மட்டும் நின்றுவிட்டன. மட்டையாளர் நிற்கும் இடத்தைக் குறிக்கும் ஐங்கோண வெள்ளைப் பலகை, அங்கே எழுந்த பல்கலைக்கழகக் கட்டடத்தின் தரையில் கண்ணாடிக்கு அடியில் பதிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த முறை போகும்போது அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

உலகத் தொடர் எனப்படும் பேஸ்பால் இறுதிப் போட்டியில் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்குத்தான் பட்டம். 1960இல் பைரேட்ஸை எதிர்த்து நின்ற நியூயார்க் யாங்கீஸ் எவ்வளவு வலிமையான அணி என்பதற்கு ஒரு கணக்குப் போதும்: அந்தத் தொடர் முழுவதிலும் யாங்கீஸ் எடுத்த ஓட்டங்கள் 55, பைரேட்ஸ் எடுத்தவை 27. அப்படியிருந்தும் ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது இரு அணிகளும் தலா மூன்று வெற்றிகளுடன் நின்றன. ஏழாவது ஆட்டத்தில் 4-0 என்று முன்னே சென்ற பைரேட்ஸ், பிறகு 4-7 என்று பின்தங்கியது. எட்டாவது இன்னிங்ஸில் (இரு அணிகளும் ஆளுக்கொரு முறை மட்டை பிடிக்கும் சுற்று) தரையில் உருண்டு வந்த பந்து ஒன்று திடீரென்று எகிறி யாங்கீஸ் வீரர் டோனி கூபெக்கின் தொண்டையைத் தாக்க, அங்கிருந்து ஆட்டம் புரண்டு 9-7 ஆயிற்று. ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் மீண்டும் எட்டிப்பிடித்து 9-9 ஆக்கியது. அந்த இன்னிங்ஸில் பைரேட்ஸ் மட்டை பிடிக்கும் கடைசிப் பாதியில் முதல் ஆளாக மட்டை பிடிக்க வந்தவர் பில் மஸெரோஸ்கி. அடிப்பதைவிடப் பந்தைத் தடுத்து எடுப்பதில் பெயர் பெற்றிருந்த அவர், ரால்ஃப் டெர்ரி வீசிய இரண்டாவது பந்தை இடப்புறச் சுவரைத் தாண்டி அடித்தார். 10-9. அப்போது மணி 3.36. உலகத் தொடர் ஒன்றின் ஏழாவது ஆட்டம், கடைசி அடியே ஹோம் ரன்னாக, அதாவது இப்படிச் சுவரைத் தாண்டும் அடியாக, விழுந்து முடிந்தது இன்றுவரை அந்த ஒரு முறைதான்.

1985இல் ரசிகர் ஒருவர் அந்த ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு தனியாகச் சுவரடியில் உட்கார்ந்து கேட்டார். பிறகு ஆண்டுதோறும் ஆட்கள் சேர்ந்தார்கள். ஆட்டம் பிற்பகல் 1 மணிக்குத் தொடங்கி 2 மணி 36 நிமிடம் நடந்தது. ஆகவே ஒலிநாடாவையும் 1 மணிக்கே ஓடவிட்டால், மஸெரோஸ்கி பந்தை அடிக்கும் அதே நொடியில் கேட்பவர்களின் கைக்கடிகாரமும் 3.36 காட்டும். முடிவு தெரிந்திருப்பது இதற்குத் தடையே இல்லை. தேர்த்திருவிழாவில் தேர் எந்த வீதி வழியாக வந்து எங்கே நிலைகொள்ளும் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்துதான் வடம் பிடிக்க வருகிறோம்.

எங்கே இருந்தோம் என்பதையே அவர்கள் பேசுவதற்கு, எனக்குத் தோன்றும் முதன்மையான காரணம் மிக எளியது: அன்று வியாழக்கிழமை, பிற்பகல். உலகத் தொடர் ஆட்டங்கள் அந்தக் காலத்தில் பகலில்தான் நடந்தன. முதல் இரவு ஆட்டம் 1971 அக்டோபர் 13இல், அதுவும் பிட்ஸ்பர்க்கிலேயே, நடந்தது. 1960இல் மைதானத்துக்குள் இருந்தவர்கள் 36,683 பேர். நகரத்தின் மற்ற மக்களில் பலர் வேலையிடத்திலோ வகுப்பறையிலோ பேருந்திலோ கடை வாசலிலோ, ஆட்டம் பார்ப்பதற்கென்று தாங்கள் தேர்ந்தெடுக்காத இடங்களில் இருந்தபடி, வானொலி வழியாகச் செய்தியை அறிந்தார்கள். ஆகையால் ஒவ்வொருவரிடமும் வேறு யாரிடமும் இல்லாத ஒரு கதை இருக்கிறது. இரவு ஆட்டங்கள் வழக்கமான பிறகு அதே கேள்விக்குப் பெரும்பாலோர் சொல்லக்கூடிய பதில், 'வீட்டில், தொலைக்காட்சி முன்னால்' என்பதாகச் சுருங்கிவிட்டது. அந்த வேறுபாடு எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: அந்தப் பெரியவர், ஆசிரியை வகுப்புக்கு வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததாகவும், மஸெரோஸ்கி அடித்தபோது தாம் ஜன்னலோர மேசையில் இருந்ததாகவும் சொல்கிறார். அவருடைய அண்ணனோ, அன்று இருவருமே பள்ளிக்குப் போகவில்லை, மாமா வீட்டுச் சமையலறையில் இருந்தோம் என்கிறார். இருவரும் பொய் சொல்பவர்கள் அல்லர். யாரை நம்புவது?
அதே வாசகி

பதில்: இருவருமே உண்மையாகப் பேசிக்கொண்டு, ஒருவரோ இருவருமோ தவறியிருக்கலாம். இப்படிப்பட்ட நினைவுகளை உளவியலாளர்கள் 'கேமரா மின்னொளி நினைவு' என்ற பொருள் தரும் பெயரால் அழைக்கிறார்கள். 1977இல் பிரவுன், குலிக் என்ற இருவர் அப்பெயரைச் சூட்டியபோது, அதிர்ச்சியான செய்தி கேட்ட கணம் புகைப்படம்போல மனத்தில் பதிந்துவிடுகிறது என்ற எண்ணம் இருந்தது. அதை ஐயுற்றவர்களில் முதன்மையானவர் உல்ரிக் நெய்சர். அவருடைய ஐயத்துக்குத் துணைநின்ற சான்றும் பேஸ்பாலைப் பற்றியதுதான். 1941 டிசம்பர் 7ஆம் தேதி, பதின்மூன்று வயது நிறைய ஒரே நாள் இருந்தபோது, வீட்டின் முன்னறையில் வானொலியில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், ஆட்டத்தை நிறுத்திப் பேர்ல் துறைமுகத் தாக்குதலை அறிவித்ததாகவும், அம்மாவிடம் சொல்ல மாடிக்கு ஓடியதாகவும் அவருக்குத் தெளிவான நினைவு. டிசம்பரில் எவரும் பேஸ்பால் ஒலிபரப்புவதில்லை என்பது பல ஆண்டுகள் கழித்தே அவருக்கு உறைத்தது.

அதோடு கதை முடியவில்லை. 1986இல் வேறு ஆய்வாளர்கள் இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள்: அன்று வானொலியில் ஒலித்தது அமெரிக்கக் கால்பந்தாட்டம்; ஆடிய அணிகளின் பெயர்கள் ஜயன்ட்ஸ், டாட்ஜர்ஸ்; ஆடிய இடம் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ். அந்த இரு பெயர்களும் பேஸ்பால் அணிகளுக்கும் உண்டு, அந்த மைதானமும் பேஸ்பாலுக்குப் பேர்போனது. ஆகவே சிறுவனின் நினைவில் வானொலியும் முன்னறையும் அம்மாவும் மெய்யாக இருந்திருக்கலாம். ஆட்டம் மட்டும் மாறிவிட்டது.

நெய்சரே பின்னர் மற்றொன்றையும் காட்டினார். 1989 அக்டோபர் 17 மாலை, சான் பிரான்சிஸ்கோவில் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் தொடங்கவிருந்த நேரத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதைக் கலிபோர்னியாவில் நேரில் உணர்ந்தவர்கள் ஒன்றரை ஆண்டுக்குப் பிறகும் தாம் இருந்த இடத்தை ஏறக்குறையப் பிழையின்றிச் சொன்னார்கள். தொலைவில், அட்லாண்டாவில், செய்தியாகக் கேட்டவர்கள் நிறையத் தடுமாறினார்கள். நேரில் பட்டதும், பலமுறை சொல்லிப் பார்த்ததும் நினைவை நிலைநிறுத்துகின்றன போலும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் சுவரடியில் கேட்ட வருணனையிலேயே பிழை உண்டு. வருணனையாளர் சக் தாம்சன், அந்தப் பந்தை வீசியவர் ஆர்ட் டிட்மார் என்றார்; டிட்மார் அப்போது களத்திலேயே இல்லை. முடிவையும் முதலில் 10-0 என்று சொல்லிவிட்டுப் பிறகே திருத்தினார். பின்னாளில் ஒரு விளம்பரத்தில் அந்த ஒலிப்பதிவு வந்தபோது டிட்மார் வழக்குத் தொடுத்தார், அது தள்ளுபடியாயிற்று. கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தவருக்கே அந்த நொடியில் பெயர் தவறியதென்றால், வகுப்பறையா சமையலறையா என்பதில் இரு சிறுவர்கள் தவறியதை நாம் மன்னிக்கலாம்.

நீங்கள் ஒன்று செய்யலாம். அடுத்த அக்டோபருக்கு முன்பாக, இருவரையும் தனித்தனியே உட்காரவைத்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல், அன்று அருகில் இருந்தவர்கள் யார், வானொலி எந்த நிறம், முதலில் கூச்சலிட்டவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டிலும் பொதுவாக வரும் சிறு செய்திகளை நம்பலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இந்த வயதில் ஒருவரிடமிருந்து அந்த ஜன்னலோர மேசையைப் பறித்து யாருக்கும் ஆவதொன்றுமில்லை.

கேள்வி: தோற்ற அணியின் ரசிகர்களுக்கும் இப்படி நினைவிருக்குமா? வெற்றியைவிடத் துன்பம்தான் ஆழமாகப் பதியும் என்பார்களே?
வாசகர், திருச்சி

பதில்: பேஸ்பாலில் அது அப்படி இல்லை என்று காட்டும் ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. 2003இல் பாஸ்டன் ரெட் சாக்ஸை யாங்கீஸ் வென்ற ஏழாவது ஆட்டத்தையும், 2004இல் யாங்கீஸை ரெட் சாக்ஸ் வென்ற ஏழாவது ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டு, பிரெஸ்லின், சேஃபர் என்ற இருவர் 1,563 ரசிகர்களிடம் விசாரித்தார்கள். அவரவர் அணி வென்ற ஆட்டத்தின் விவரங்களையே ரசிகர்கள் கூடுதல் துல்லியத்துடன் சொன்னார்கள். வென்ற ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள், எண்ணிப் பார்க்கிறார்கள். தோற்றதைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள்.

பேசினாலும் உருமாறிவிடுகிறது. 1986 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் ரெட் சாக்ஸின் பில் பக்னர் கால்களுக்கிடையே பந்து நழுவிப்போனதால்தான் பட்டம் பறிபோனது என்று இன்றும் பலர் சொல்லக் கேட்கலாம். உண்மையில் பந்து நழுவுமுன்பே ஆட்டம் 5-5 என்று சமநிலைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏழாவது ஆட்டமும் மீதமிருந்தது, அதிலும் ரெட் சாக்ஸ் 3-0 என்று முன்னே சென்றுதான் தோற்றது. அணி முழுவதும் சேர்ந்து தோற்ற ஒரு தொடரை மனிதர்கள் ஒருவரின் காலடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். பக்னர் அதைப் பல ஆண்டுகள் சுமந்தார். அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: 1960 ஆட்டத்தின் படச்சுருள் கிடைக்குமா?
வாசகர், மதுரை

பதில்: கிடைக்கிறது, நீண்ட காலம் கிடைக்காமல் இருந்தது. பாடகரும் நடிகருமான பிங் கிராஸ்பி பைரேட்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவர். ஏழாவது ஆட்டத்தைப் பார்க்கும் துணிவு தமக்கில்லை என்று அவர் பாரிஸுக்குப் போய், அங்கிருந்து வானொலியில் கேட்டார். ஆனால் வென்றால் பிறகு பார்ப்பதற்காக, தொலைக்காட்சி ஒளிபரப்பைப் படச்சுருளில் எடுத்துவைக்க ஏற்பாடு செய்திருந்தார். 2009 டிசம்பரில் கலிபோர்னியாவில் அவருடைய வீட்டின் மது நிலவறையில் ஐந்து சுருள்கள் அகப்பட்டன. அந்த ஆட்டத்தின் முழு ஒளிபரப்புக்கு அதுவே எஞ்சியிருந்த பிரதி. மறு ஆண்டு டிசம்பரில் அது தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. நகரத்தில் பலர் எங்கெங்கோ நின்று காதால் கேட்ட 3.36 மணியை, பாரிஸில் இருந்த ஒருவர் எடுத்துவைத்த சுருளில் இன்று நாம் கண்ணால் பார்க்கிறோம்.