வண்டியை ஒளித்து வைத்தால் கேஸ் வருமா?

கேள்வி: லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். மழையில் ரப்பர் வெட்டு நின்றதால் ஷீட் லோடு இல்லை; மூன்று தவணை பாக்கி. பைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிவிடுவார்கள் என்று பயந்து பாறசாலையில் மச்சான் வீட்டில் நிறுத்தியிருக்கிறேன். ஜெயில் வருமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். தவணை கட்ட முடியாமல் போனது மட்டுமே குற்றமாகாது. ஆனால் களியக்காவிளை எல்லை தாண்டி கேரளாவுக்குள் போய்விட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆர்.சி.யிலேயே பைனான்ஸ் பெயர் ஏறியிருக்கிறது. தகராறை நடுவர் வைத்துத் தீர்க்கும் 1996-ம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் சட்டம், 9-வது பிரிவின்கீழ் கோர்ட்டுக்குப் போய், வண்டியை எடுக்க அவர்கள் உத்தரவு வாங்கலாம். அதற்குப் பிறகும் ஒளித்தால், நீங்கள் மீறுவது கோர்ட் உத்தரவை. சிறை வரைக்கும் போகலாம். வட்டியும் வழக்குச் செலவும் தனியாக ஏறும். வண்டியையோ பார்ட்ஸையோ விற்றுவிடாதீர்கள், நம்பிக்கை மோசடிப் புகார் வர அதுவே போதும். கொடுத்த செக் திரும்பி, நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால், செக் வழக்குகளுக்கான செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் 2 ஆண்டு வரை தண்டனை உண்டு.

சரி, அவர்களும் ரோட்டில் மறித்துச் சாவியைப் பிடுங்க முடியாது. அடியாட்களை வைத்து வண்டி பறிப்பதை 2007-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. அப்படி வந்தால் உடனே போலீஸில் எழுதிக் கொடுங்கள்.

இப்போது வண்டியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மச்சானையும் இதில் மாட்டிவிட வேண்டாம். முடிந்தால் ஒரு தவணை கட்டிவிட்டு, மழைக்கால நிலைமையைச் சொல்லி அவகாசம் கேட்டு, பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றையும் வாங்கி வையுங்கள். போனில் பேசியது கணக்கில் வராது.