எச்.ஆர். என்றால் ஆள் பிடிக்கிற வேலையா?

திருப்பூரிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "மகள் பி.காம். கடைசி வருடம். எம்.பி.ஏ.வில் எச்.ஆர்., அதாவது மனிதவள மேலாண்மைதான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆளை எடுக்கவும் அனுப்பவும் இரண்டு வருடப் படிப்பா?"

ஐயா, உங்கள் ஊரையே பாருங்கள். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் டெய்லர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். லீவு முடிந்து எத்தனை பேர் அதே கம்பெனிக்குத் திரும்புவார்கள் என்பது முதலாளிக்கே தெரியாது. ஷிப்மென்ட் தேதியோ அவர்களுக்காகக் காத்திருக்காது. சட்டம் சொல்லும் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதைக் கணக்குப் போட்டுக் கொடுக்க அக்கவுன்ட்ஸ் ஆள் போதும். வராமல் போன பத்துப் பேர் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க வேறு ஆள் வேண்டும். சூப்பர்வைசர் வாய் சரியில்லையா, ஹாஸ்டல் சாப்பாடா, தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று தரும் பீஸ் ரேட் கணக்கில் சந்தேகமா? உங்கள் மகள் படிக்க நினைப்பது இதைத்தான்.

சம்பளத்தைக் கூட்டினால் தீராதா என்பீர்கள். தீர்ந்த கதையும் உண்டு. 1913-இல் அமெரிக்காவில் ஃபோர்டு ஆலைக்குத் தேவைப்பட்டது சுமார் 14,000 பேர். சேர்ந்தவர்கள் நிற்காததால் அந்த ஒரே ஆண்டில் 50,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் என்றார்கள், வேலை நேரத்தையும் 9 மணியிலிருந்து 8 ஆக்கினார்கள். ஆட்கள் வேலையை விட்டு ஓடுவது வெகுவாகக் குறைந்தது. பெருந்தன்மை என்று சிலர் சொல்வார்கள். எனக்கென்னவோ நல்ல வியாபாரக் கணக்காகத்தான் தெரிகிறது. ஆனால் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவரால் கூலியை இரட்டிப்பாக்க முடியுமா? அவர் 50 ரூபாய் கூட்டினால் அடுத்த தெருக்காரர் 60 கூட்டுவார்.

சரி, படிப்புக்கு வருவோம். ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மேலாண்மைக் கல்லூரிக்கு எக்ஸாட், தமிழக அரசுக் கல்லூரிகளுக்கு டான்செட் என்று நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆலைப் பக்கம் போக விருப்பமென்றால் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை), தொழிலாளர் மேலாண்மை போன்ற படிப்புகளையும் பாருங்கள், செலவு குறைவு.

ஃபீஸ் கட்டுவதற்கு முன், தெரிந்தவர் கம்பெனியில் ஒரு மாதம், தொழிலாளர் வருகையைக் கவனிக்கும் டைம் ஆபீஸில் மகளை உட்கார வையுங்கள். வருகைப் பதிவேட்டை எழுதட்டும், சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடாவின்போது பக்கத்தில் நிற்கட்டும், டீ நேரத்தில் டெய்லர்களோடு பேசட்டும். ஏசி அறையில் இன்டர்வியூ எடுப்பதுதான் வேலை என்று நினைத்திருந்தால் முதல் வாரமே முகம் சுருங்கிவிடும். அப்படியானால் பி.காம்.காரிக்கு ஃபைனான்ஸ் இருக்கவே இருக்கிறது.