பல்லு புடுங்கின எடத்துல எலும்புத் துண்டு, டாக்டர் மேல கேஸ் நிக்குமா?

கேள்வி: வணக்கம் சார். எங்கம்மாவுக்கு 58 வயசு, சுகர் இருக்கு, திண்டுக்கல்ல இருக்காங்க, நான் சென்னையில வேலை பார்க்குறேன். 2025 மார்ச்ல ஒரு தனியார் கிளினிக்ல கீழ்வரிசை கடவாய்ப்பல்ல புடுங்கினாங்க, 3,500 ரூபா நான்தான் ஜிபேல அனுப்பினேன். மூணாவது நாளே வலி, வாய் நாத்தம். நாலு தடவை போயும் டாக்டர் மாத்திரைய மட்டும் மாத்தி மாத்தி எழுதினார், எக்ஸ்ரே எடுக்கல. ஆறாவது வாரம் ஈறுல இருந்து நொய்யரிசி சைஸ்ல எலும்பு வந்துச்சு, அம்மா அத குங்குமச் சிமிழ்ல போட்டு வச்சிருக்காங்க. மதுரையில ஓபிஜி (தாடை முழுக்கத் தெரியற எக்ஸ்ரே) எடுத்துப் பார்த்தா உள்ள செத்த எலும்பும் ஒடஞ்ச வேர் நுனியும் இருக்குன்னு ஆபரேஷன் பண்ணாங்க, 42,000 ஆச்சு. பழைய டாக்டர் "சுகர்தான் காரணம், கன்சென்ட்ல கையெழுத்து போட்டிருக்காங்க"ன்றார். இப்ப 3,500ஐ திருப்பித் தர்றோம், வந்து ஒரு பேப்பர்ல கையெழுத்து போடுங்கன்னு அம்மாவ கூப்பிடுறாங்க. போலீஸ்ல குடுக்கலாமா? 20 லட்சம் கேட்டு கேஸ் போடலாமா?

பதில்: தம்பி, மொதல்ல அந்தச் சிமிழ்ல இருக்குற எலும்ப காட்டி ஜெயிச்சிடலாம்ங்கற நெனப்ப விட்டுடுங்க. பத்திரமா இருக்கட்டும், ஆனா கேஸ் அது மேல நிக்காது. பல்லு புடுங்குனா குழியோட ஓரத்துல இருக்குற எலும்பு கொஞ்சம் நொறுங்குறதும், அத ஈறு சில வாரம் கழிச்சு தானா வெளிய தள்ளுறதும் நல்ல கைராசிக்கார டாக்டர்கிட்டயும் நடக்குறதுதான். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு டெக்ஸ்ட்புக்க பிரிச்சு வச்சு இத அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டுப் போயிடுவார். வேர் நுனி ஒடஞ்சதும் அப்படித்தான், அது மட்டுமே கவனக்குறைவு ஆகாது, நரம்புக்குப் பக்கத்துல இருந்தா சின்ன துண்ட உள்ளயே விடுறது சில நேரம் சரியான முடிவாக்கூட இருக்கும். ஆனா விட்டா பேஷன்ட்கிட்ட சொல்லணும், கேஸ்ஷீட்ல எழுதணும். உங்கம்மாகிட்ட சொன்னாரா?

உங்க கேஸ் அந்த நாலு விசிட்லதான் இருக்கு. மூணாவது நாள் வலியும் நாத்தமும் வந்தா டிரை சாக்கெட்னு (புடுங்கின குழியில ரத்தக்கட்டி நிக்காம எலும்பு வெளிய தெரியறது) நெனச்சு மருந்து வச்சு அனுப்புறது சரி, அது பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கிடும். அடங்காம வாரக்கணக்கா போகுது, பேஷன்ட் சுகர்காரங்க, திரும்பத் திரும்ப வர்றாங்க, அப்பவும் ஒரு எக்ஸ்ரே கூட எடுக்காம ஆன்டிபயாடிக் பேரை மட்டும் மாத்தினா, சராசரி பல் டாக்டர் ஒருத்தர் காட்டுற கவனம் இதுதானான்னு நுகர்வோர் கமிஷன் கேக்கும். அதுக்காக நாலு பிரிஸ்கிரிப்ஷனும் தேதியோட வேணும், ஒண்ணு தொலைஞ்சிருந்தாலும் மெடிக்கல் ஷாப் பில்லயாவது தேடுங்க.

சுகர்தான் காரணம்னு அவர் சொல்றது பாத்தீங்களா, அத வாட்ஸ்அப்ல எழுத்துல சொல்லியிருந்தா அழிச்சிடாதீங்க. ஏன்னா குறுக்கு விசாரணையில கேக்க ஒரே ஒரு கேள்வி போதும்: சுகர்னு தெரிஞ்சு புடுங்கினீங்களா, தெரியாம புடுங்கினீங்களா? தெரியும்னா முன்னாடி டெஸ்ட் எங்க, பின்னாடி கூடுதல் கவனிப்பு எங்க. தெரியாதுன்னா ஏன் கேக்கல.

இதே கேள்வி நம்ம பக்கமும் திரும்பும், அதனால அம்மாகிட்ட தனியா உக்காந்து கேளுங்க: எலும்பு தேய்மானத்துக்கு வாராவாரம் மாத்திரையோ வருஷத்துக்கு ஒரு ஊசியோ போட்டுக்கிட்டாங்களா? அதுல சில மருந்துக்கு தாடை எலும்பு ஆறாம செத்துப்போற சிக்கல் உண்டு. டாக்டர் கேட்டும் இவங்க மறைச்சிருந்தா கேஸ்ல பாதி காலி, அவர் கேக்கவே இல்லன்னா அதுவும் நமக்கு ஒரு பாயின்ட்.

கன்சென்ட் கையெழுத்தப் பத்தி கவலப்படாதீங்க. அது சிகிச்சையில இருக்குற ரிஸ்க்குக்கு சம்மதம், கவனக்குறைவுக்கு சம்மதம் இல்ல. புரியற மாதிரி விளக்கிச் சொல்லி வாங்கினாத்தான் சம்மதம்னு சமீரா கோலி வழக்குல 2008லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல என்ன நடக்குதுன்னா சேர்ல சாய்ச்சு வாய்ல பஞ்ச வச்சதுக்கப்புறம் இங்கிலீஷ் ஃபார்ம நீட்டுறாங்க!

வக்கீல் நோட்டீஸ் இப்ப வேணாம். மொதல்ல கேஸ்ஷீட், எக்ஸ்ரே எடுத்திருந்தா அது, கன்சென்ட் காப்பி எல்லாம் கேட்டு அம்மா பேர்ல ஒரு லெட்டர் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். நோட்டீஸ் போனதுக்கப்புறம் கேட்டா கேஸ்ஷீட்ல புது இங்க்ல நாலு வரி மொளைச்சிருக்கும், நான் பாத்திருக்கேன். மதுரை டாக்டர்கிட்ட "அவர் பண்ணது தப்பு"ன்னு எழுதிக் கேக்காதீங்க, எந்த டாக்டரும் எழுத மாட்டார். எந்தப் பக்கம், எவ்வளவு பெரிய துண்டு, எலும்பு எந்த நிலையில இருந்துச்சு, இத மட்டும் டிஸ்சார்ஜ் சம்மரில விவரமா எழுதச் சொல்லுங்க, ஓபிஜி ஒரிஜினல் ஃபிலிம வாங்கி வைங்க. எல்லா கேஸுக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லன்னு 2010ல கிஷன் ராவ் வழக்குல தீர்ப்பு இருக்கு, ஆனாலும் இது எலும்பு வேர் சமாச்சாரம், அரசு பல் மருத்துவக் கல்லூரியில இருந்து கருத்து வாங்கச் சொல்லி கமிஷன்லயே மனு போடுறது நல்லது.

போலீஸ் வேணாம். ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு 2005ல வந்ததுக்கப்புறம் டாக்டர் மேல கிரிமினல் கேஸ்னா ரொம்ப மோசமான அலட்சியம் இருக்கணும், மாத்திரை மட்டும் எழுதினது அந்த அளவுக்கு வராது. பல் மருத்துவக் கவுன்சில்ல புகார் குடுக்கலாம், அங்க அவரோட ரிஜிஸ்ட்ரேஷன் மேலதான் நடவடிக்கை வரும், உங்களுக்குக் காசு வராது. காசுக்கு மாவட்ட நுகர்வோர் கமிஷன்தான். காசு வாங்கிப் பண்ற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துல வரும்னு 1995லயே தீர்ப்பாகிடுச்சு (வக்கீல் மேல அங்க கேஸ் போட முடியாதுன்னு 2024ல சொல்லிட்டாங்க, அந்த வகையில நாங்க தப்பிச்சோம்). காசு கட்டினது நீங்க, வைத்தியம் அம்மாவுக்கு, ரெண்டு பேரும் மனுதாரரா சேரலாம். 2019 சட்டப்படி நீங்க இருக்குற சென்னையிலயும் போடலாம், ஆனா அம்மா வந்து போகணுமேன்னு பாத்தா திண்டுக்கல்தான் வசதி. நீங்க குடுத்த ஃபீஸ் 5 லட்சத்துக்குள்ளன்றதால கோர்ட் கட்டணம் இல்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், பல்லு புடுங்கின தேதியில இருந்தே எண்ணிக்கோங்க, அதாவது 2027 மார்ச்ச தாண்ட விடாதீங்க.

20 லட்சம் எதுக்குன்னு கணக்கு சொல்ல முடியுமா உங்களால? 42,000, மருந்துச் செலவு, போக்குவரத்து, நீங்க லீவு போட்ட நாள், அம்மா ஆறு வாரம் கஞ்சியில ஓட்டின கஷ்டத்துக்கு ஒரு தொகை, இப்படி பில்லோட ஒட்டிக் கேட்டாத்தான் கமிஷன் மெம்பர்ஸ் காது குடுப்பாங்க. உதடோ தாடையோ மரத்துப்போய் இன்னும் சரியாகலன்னா அது வேற கணக்கு, அத உங்க கடிதத்துல எழுதல, இருந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டி ரிப்போர்ட் வாங்குங்க.

அந்த 3,500 பேப்பர்ல "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்"னு ஒரு வரி இருக்கும், அம்மாவ தனியா அனுப்பவே அனுப்பாதீங்க. அவங்களா ஜிபேல போட்டுவிட்டா அன்னைக்கே "பல் எடுத்த கட்டணம் மட்டும் திரும்ப வந்துள்ளது, நஷ்டஈடு கேட்கும் உரிமையை விட்டுத்தரவில்லை"ன்னு ஒரு மெசேஜ் அனுப்பி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.