கணக்கைத் தம்பியிடம் காட்டும் பிள்ளை

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

ஒன்பதாம் கிரேடு படிக்கும் உங்கள் மகள், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். "ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டு யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என் பிள்ளை எப்படித் தாங்குவாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். பிரான்சில் எபினால் என்ற ஊரில் 2004, 2005இல் அப்படி நடந்தது. கதிரின் அளவை ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைக்கும் அமைப்புக்கு 'வெட்ஜ்' என்று பெயர். புதிதாகப் பயன்படுத்திய ஒரு வகை வெட்ஜுக்கு, வேறொரு வகை வெட்ஜின் கணக்கு போய்விட்டது. புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 20 பேருக்கும் மேல் அளவு மீறிய கதிர்வீச்சு பட்டது, சிலர் இறந்தார்கள். அந்தப் புது வெட்ஜ் முறைக்கு, தனியாக இன்னொரு கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது அங்கே நடக்கவில்லை.

இந்த வேலையில் ஒருவர் முடிவே கடைசி முடிவாக இருக்கக் கூடாது, அம்மா. டாக்டர் ஸ்கேனில் கட்டியின் எல்லையை வரைகிறார். மற்ற டாக்டர்கள் கூடி உட்கார்ந்து, "இந்த நிணநீர்க் கணுவை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்கிறார்கள். முதல் நாள் சிகிச்சைக்கு முன்பே கேட்டால்தான் பலன்; பாதி முடிந்தபின் கோட்டை மாற்றுவது பெரும்பாடு. அப்புறம் பிசிசிஸ்ட், அதாவது கதிரின் அளவுக்குப் பொறுப்பான மருத்துவ இயற்பியலாளர், சிகிச்சைத் திட்டமான பிளானைப் பார்ப்பார், வேறொரு மென்பொருளில் கணக்கை மறுபடி போடுவார். சிக்கலான பிளான் என்றால், நோயாளி இல்லாத படுக்கையில் பிளாஸ்டிக் பாளம் ஒன்றை வைத்து, அதே கதிரைப் பாய்ச்சி, கணினி சொன்ன அளவும் கருவி காட்டும் அளவும் ஒத்துப்போகிறதா என்று அளப்பார். தினமும் காலையில் முதல் நோயாளி வருமுன் எந்திரத்தின் கதிர் அளவைச் சோதிப்பார்கள். 3 சதவீதத்துக்கு மேல் விலகினால், காரணம் தெரியும்வரை சிகிச்சை கிடையாது.

உங்கள் கடிதத்தில் நடுவே ஒரு வரி: கணக்கு முடிந்ததும் நோட்டைத் தம்பியிடம் கொடுத்து, "தப்பு இருக்கா பாரு" என்பாளாம். எனக்கு அவளுடைய மதிப்பெண்ணைவிட அது பெரிதாகத் தெரிகிறது. தன் தப்பை அடுத்தவர் கண்டுபிடித்தால் முகம் சுண்டாத பிள்ளைதான் இந்த வேலைக்கு வேண்டும்.

சரி, படிப்பு. பத்தாம் கிரேடுக்குப் பாடம் தேர்வு செய்யும்போது மேத்தமேட்டிக்ஸ், பிசிகல் சயன்ஸ் இரண்டும் எடுக்கச் சொல்லுங்கள். சுலபம் என்று, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்தமேட்டிக்கல் லிட்டரசிக்குப் போனால் இந்தக் கதவு அங்கேயே மூடிவிடும். எந்திரத்தை இயக்கி நோயாளிக்குக் கதிர் கொடுக்கும் தெரபிஸ்ட் ஆக வேண்டுமானால் ரேடியோகிராபியில் சிகிச்சைப் பிரிவு, 4 ஆண்டுப் பட்டம். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ரேடியோகிராபித் துறை இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். முடித்தபின் ஓர் ஆண்டு சமூக சேவைப் பணி. பிசிசிஸ்ட் என்றால் இயற்பியல் பட்டம், அதற்கு மேல் மருத்துவ இயற்பியலில் ஹானர்ஸ் பட்டம், அதற்கப்புறம் மருத்துவமனையில் 2 ஆண்டு பயிற்சி. இரண்டுக்கும், தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழில் மன்றமான எச்பிசிஎஸ்ஏவில் பதிவு கட்டாயம்.

எந்தப் பக்கம் போவது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அவளைக் கூட்டி வாருங்கள். அந்தக் கணக்கு நோட்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள்.